ஆயாவுடைய தம்பி

மலர்கொடிக்குப் பொய் சொல்ல வராது. உப்பளத்தில் மேஸ்திரி வந்து "நேத்து ஏன் சீக்கிரமே கரையேறிட்ட?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிறவள் வயிற்றுவலி என்று சொல்லச் சொல்லி முழங்கையால் இடித்தாலும், "வெயில் தாங்கல, போயிட்டேன்" என்று உள்ளதைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொய்யை மட்டும் வருஷக்கணக்கில் விடாமல் சொல்லி வந்தாள். "உங்க கல்யாணம் சொந்தத்துலயா, அசல்லயா?" என்று யார் கேட்டாலும் கண்ணைக்கூட இமைக்காமல் "அசல்தான்" என்பாள். அந்தப் பொய் அவள் பெண்ணின் பள்ளிக்கூடத்து சீட்டில் வந்து கை வைத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் சகாயசெல்வி. மரக்காணத்தில் சர்ச்சுக்குப் பின்தெருவில், என் வீட்டு ஹாலிலேயே டியூஷன் எடுக்கிறேன். பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் எழுதி, அரசாங்க வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போனவள். டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவில் பேச்சு உண்டு. வரும்தான். இதை எழுதும்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மலர்கொடிக்குச் சொந்த ஊர் திண்டிவனம் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அவள் அம்மா கொளஞ்சியம்மாளுக்கு ஒரே தம்பி, பச்சமுத்து. தாய் இல்லாத தம்பியை அக்காதான் சோறூட்டி வளர்த்தாள். மலர்கொடி பிறந்த அன்றே, இவள் பச்சமுத்துவுக்குத்தான் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது அந்தப் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமே இல்லை. மலர்கொடிக்கும் மாமன் மேல் ஆசைதான். அதை அவளே என்னிடம் வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறாள்.

வினோதினி பிறந்த பிறகு பிழைப்புக்காக மரக்காணம் வந்தார்கள். விடியுமுன் பச்சமுத்து பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி ஒதுக்குவார். மலர்கொடி அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரைமேட்டில் கொட்டுவாள். இங்கே வந்த பிறகுதான் தமிழ்வேந்தன் பிறந்தான். கதவை ஓங்கிச் சாத்தினாலும் அந்தக் குழந்தை திரும்பவில்லை. மலர்கொடி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் முதலில் கேட்டது கல்யாணம் சொந்தத்திலா என்றுதான். ஆமாம், தாய்மாமன் என்று இவள் உள்ளதைச் சொன்னாள். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவர் சத்தம் போட்டார். "எத்தனை தடவைதான் சொல்றது? நீங்க செஞ்சதுக்கு இந்தப் புள்ள அனுபவிக்குது" என்று சொன்னாராம். பெஞ்சில் இருந்த பொம்பளைகள் உச்சுக் கொட்டினார்களாம். காது கேளாமல் பிறப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். சொந்தத்தில் கட்டுவது அதில் ஒன்று என்று பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷன் ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி அனுப்பினார்.

அன்றிலிருந்துதான் "அசல்". இங்கே அவர்கள் பூர்வீகம் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் பொய் செல்லுபடியானது.

இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வினோதினி மட்டும்தான். ஐந்தாம் வகுப்பு. அப்பா அம்மா இருட்டிலேயே உப்பளத்துக்குப் போய்விடுவதால் சோறு பொங்கி, தம்பியைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பெண். கணக்கில் புலி. ஆனால் மதியத்துக்கு மேல் வகுப்பில் தூங்கி விழுவாள். ஆறாவது போனதும் லீவு நாளில் சுமைக்கு அனுப்பச் சொல்லி மேஸ்திரி இப்போதே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை சுமைக்கு இறங்கின பெண் திரும்பப் புத்தகத்துக்கு வருவது அபூர்வம். மலர்கொடிக்கு அது தெரியும். "அவ கால் உப்புல எறங்கக் கூடாது டீச்சர். இன்னா செய்யணுமோ செய்ங்க" என்று என் வாசலில் வந்து நின்றாள்.

செய்ய ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு டிரஸ்ட் நடத்தும் விடுதிப் பள்ளி. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிப்பும் சோறும் இலவசம். உப்பளத் தொழிலாளி பிள்ளைகளுக்கென்று தனியாகக் கொஞ்சம் சீட் வைத்திருந்தார்கள். எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் வாய்மொழித் தேர்வு. ஐந்தாவது முடிக்கிற வருஷம் மட்டும்தான் எழுதலாம். விட்டால் போனதுதான்.

தேர்வில் பாதி மனத்திறன் கேள்விகள். சம்பந்தமில்லாததைக் கண்டுபிடி, வரிசையை நிரப்பு, இன்னாருக்கு இன்னார் என்ன உறவு என்கிற வகை. இதிலே எனக்கு ஆகவே ஆகாதது இந்த உறவுக் கேள்விதான். எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்து, எல்லார் வீடும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்து எழுதுகிறவர்கள். எங்கள் சர்ச்சில் அத்தை மகனைக் கட்டுவதற்கே ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். மலர்கொடி வீட்டுப் பக்கம் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை. கேள்விக்காரருக்கு இது எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

ஒரு சாயங்காலம் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியை போர்டில் எழுதினேன். ஒரு சிறுமி ஒருவரைக் காட்டி, "இவர் என் அம்மாவைப் பெற்றவளுக்கு உடன்பிறந்த தம்பி" என்கிறாள். அவர் அவளுக்கு என்ன உறவு? மாமா, தாத்தா முறை, அப்பா, அண்ணன் என்று நான்கு விடை. கௌதமன் மாமா என்றான். கீதாஞ்சலி தாத்தா முறை என்றாள். புத்தகமும் அதைத்தான் சொன்னது. வினோதினி மட்டும் எழுந்து நின்று, "அப்பா" என்றாள்.

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. "எப்படிடீ?" என்று சாக்பீஸைக் கொடுத்தேன். அவள் போர்டில் மேலே கொளஞ்சியம்மா என்று எழுதினாள். கீழே கோடு போட்டு மலர்கொடி. கொளஞ்சியம்மாவுக்குப் பக்கத்தில் தம்பி பச்சமுத்து. பச்சமுத்துவிலிருந்து குறுக்கே ஒரு கோட்டை இழுத்து மலர்கொடியோடு சேர்த்து, நடுவில் தன் பெயரைப் போட்டாள். "ஆயாவோட தம்பிதான டீச்சர் எங்கப்பா?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றுபோனது. கோட்டில் ஒரு பிசகும் இல்லை. புத்தகத்தில் போட்ட விடையும் சரி, இவள் போட்டதும் சரி. புத்தகத்துக்கு ஒன்றுதான் வேண்டும். "பரீட்சையில தாத்தான்னு போடு கண்ணு" என்று சொல்லி போர்டை அழித்தேன்.

மறுநாளே மலர்கொடி வந்தாள். தலையில் சும்மாடுத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை, நேரே உப்பளத்திலிருந்து வந்திருந்தாள். முகம் இறுகிப் போயிருந்தது.

"எங்க வூட்டுக் கதைய போர்டுல போட்டீங்களாமே டீச்சர்?"

"நான் போடல மலரு. கேள்வி அப்படி. புள்ள தன் வீட்ட வெச்சு யோசிச்சுது."

"அந்த கௌதமன் புள்ளையோட அம்மா எங்கூடத்தான் சொமக்குது. இன்னிக்கு பாத்தியில வெச்சு, 'ஏன்டி, அசல்னு சொன்ன, மாமனத்தான் கட்டினியாமே, அதான் பையன் இப்படியா?'ன்னு கேக்குது." அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கதையை எல்லாம் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கறாராகச் சொன்னாள்.

"அந்த மாதிரிக் கேள்விய அவளுக்கு இனிமே குடுக்காதீங்க."

"பரீட்சையில வருமே மலரு."

"வந்தா வுட்டுட்டுப் போவட்டும். மத்ததுல மார்க் வாங்குவா." அப்புறம் டியூஷன் முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துத் திரும்பினாள். "தோ பாருடி. ஆயாவுக்கு அப்பா இன்னா வேணும், அம்மாவுக்கு அப்பா இன்னா வேணும்னு எவன் கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்த, அம்மா உயிரோட இருக்க மாட்டேன்."

"குழந்தைகிட்ட பேசற பேச்சா இது?" என்று நான் கத்தினேன். மலர்கொடி காதில் வாங்கவில்லை. வினோதினி தலையை ஆட்டினாள்.

எழுத்துத் தேர்வில் உறவுக் கேள்விகளை எல்லாம் அவள் தொடவே இல்லை. மற்றதில் அள்ளிவிட்டாள். தேறினவர்கள் பெயரை அறிவித்தபோது மலர்கொடி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குத்தான் பயம் பிடித்தது. எழுத்தில் கேள்வியைத் தாண்டிப் போகலாம். வாய்மொழியில் எதிரே ஆள் உட்கார்ந்திருப்பார். எப்படித் தாண்டுவது?

வாய்மொழித் தேர்வு மே மாதத்தில். உப்பு நன்றாக விளைகிற வெயில் காலம். மேஸ்திரியின் வசவை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். பச்சமுத்து சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்தார். பேச்சு குறைவான மனிதர். வினோதினிக்குத் தலை படிய வாரி, முல்லை வைத்திருந்தாள் மலர்கொடி.

வராந்தாவில் ஒரு பெண் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். உள்ளே பிள்ளைக்குப் பின்னால் பெற்றவர்களையும் உட்கார வைப்பார்களாம். ஆனால் பெற்றவர்கள் வாய் திறந்தால் அந்தப் பிள்ளையின் தேர்வு அத்தோடு முடிந்தது. அந்தப் பையனின் அப்பா ஆர்வத்தில் ஒரு விடையை முணுமுணுத்துவிட்டாராம். வெளியே அனுப்பிவிட்டார்கள். இன்னொரு கெடுபிடியும் இருந்தது. முந்தின வருஷம் யாரோ உப்பள சீட்டுக்காக, உப்பளத்தில் வேலை செய்யும் உறவுக்காரரை அப்பா என்று சொல்லி அழைத்துவந்து மாட்டிக்கொண்டார்களாம். அதனால் இந்த வருஷம் அப்பா அம்மாவைத் துருவித் துருவிப் பார்த்தார்கள்.

பயிற்சி கொடுத்த ஆசிரியை என்பதால் என்னையும், வாய் திறக்கக் கூடாது என்ற அதே நிபந்தனையோடு, மூலையில் ஒரு நாற்காலியில் உட்காரவிட்டார்கள். தேர்வு எடுத்தவர் கலியமூர்த்தி சார், தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதுதான் வினையாகப் போனது.

முதலில் கணக்கு. வினோதினி டக் டக்கென்று சொன்னாள். வரிசை நிரப்பச் சொன்னார், அதையும் சொன்னாள். சாருக்கு முகம் மலர்ந்தது. மலர்கொடி மடியில் விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர் மேசையிலிருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்துப் படித்தார். ஒரு பெண் ஒருவரைக் காட்டி, இவர் என் அம்மாவின் அம்மாவுக்குத் தம்பி என்கிறாள்.

தாத்தான்னு சொல்லுடி, தாத்தான்னு சொல்லுடி என்று மனசுக்குள் கதறினேன். வினோதினி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"தெரியலையா? பரவாயில்ல, அவசரமே இல்ல" என்றார் சார். அப்புறம், உதவி செய்வதாக நினைத்து, "உங்க வீட்டையே வெச்சு யோசிம்மா. உன் அம்மாவோட அம்மா பேர் என்ன?" என்று கேட்டார்.

"கொளஞ்சியம்மா."

"அவங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"இருக்காரு."

"பாத்தியா, சுலபம்தான். அவர் பேர் என்ன?"

வினோதினி குனிந்து மேசை மேலிருந்த அட்டைகளையே பார்த்தாள்.

"அவரை நீ பாத்திருக்கியா?"

வினோதினி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான். சார் அதைக் கவனித்துவிட்டார். அவர் கண் பச்சமுத்துவிடம் போய் நின்றது.

"இவரா? இவர் உன் ஆயாவோட தம்பியா?"

அவள் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்படின்னா உன் அப்பா எங்க?"

"சொல்லக் கூடாது சார்."

"யார் சொன்னாங்க?"

அவள் உதட்டைக் கடித்தாள். கலியமூர்த்தி சார் அட்டையைக் கீழே வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு மொத்தமும் வடிந்துவிட்டது. அவர் நினைப்பது என்ன என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. போன வருஷம் மாதிரி இன்னொரு போலி அப்பா. "பயப்படாம சொல்லும்மா. இங்க உக்காந்திருக்கறவர் உன் அப்பாதானா?"

வினோதினி பேசவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது. பச்சமுத்து பெற்ற மகளின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைக்கவில்லை. வாயைத் திறந்தால் சீட்டு போய்விடும் என்று அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. நான் கத்தினாலும் போச்சு.

மலர்கொடி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவருதாங்க அப்பா. அவரேதான் எங்கம்மாவோட தம்பி. நான் என் மாமனத்தான் கட்டினேன்."

"அம்மா, உக்காருங்க, நீங்க பேசக் கூடாது."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் பேசறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் பையனுக்குக் காது கேக்காது. என்னாலதான்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அன்னிலேந்து எல்லார்கிட்டயும் அசல்னு சொல்லிக்கினு இருக்கேன். எங்கம்மா ஊர்லேந்து வந்தா, அக்கம் பக்கம் கேக்குமேன்னு, இவரு கூடப்பொறந்த அக்காவையே அத்தைன்னு கூப்புடறாரு. நான்தான் கூப்புடச் சொன்னேன். அந்தம்மா இவர சோறூட்டி வளத்துச்சு சார். மூணு வருஷமா எங்கூட்டுக்கு வர்றதே இல்ல. புள்ள வாயையும் நான்தான் கட்டிவெச்சேன். அவ பொய் சொல்லல. இவரப் போயி போலின்னு நெனைக்காதீங்க."

பச்சமுத்து குனிந்து, விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினார். அவர் தோள் குலுங்கியது.

கலியமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "நம்பறேன்மா" என்றார். "கேள்வியே சரியில்ல. அதுக்கு ரெண்டு விடை இருக்குன்னு நான் மேல எழுதி அனுப்பறேன்."

"அப்ப மிச்சக் கேள்வியக் கேளுங்க சார்" என்று நான் எழுந்துவிட்டேன்.

"முடியாதும்மா. காலையில ஒரு பையனை வெளிய அனுப்பிட்டேன். அவன் இன்னும் வராந்தாவுலதான் உக்காந்திருக்கான். அவனுக்கு ஒரு நியாயம், இவங்களுக்கு ஒரு நியாயம்னு என்னால வைக்க முடியாது."

நான் விடவில்லை. அவன் அப்பா விடையைச் சொன்னார், இவள் வாழ்க்கையைச் சொன்னாள், இரண்டும் ஒன்றா என்று கத்தினேன். எங்கள் வீடு உங்கள் அட்டைக்குள் அடங்காவிட்டால் அது பிள்ளையின் தப்பா என்று கேட்டேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார், ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வெளியே வந்தோம். ஈசிஆர் ரோட்டில் வெயில் கொளுத்தியது. பஸ் ஸ்டாப்பில் கூரையும் இல்லை. வினோதினி அழுது அழுது ஓய்ந்துபோய் அம்மாவின் புடவை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் தாத்தான்னு சொல்லியிருந்தா சீட்டு கெடச்சிருக்கும் இல்லம்மா?"

"கெடச்சிருக்கும்" என்றாள் மலர்கொடி. சமாதானத்துக்குக்கூட அவள் இல்லை என்று சொல்லவில்லை. "நீ நான் சொன்னதக் கேட்ட. போனது என்னால போச்சு. உன்னால இல்ல."

மேஸ்திரி, சுமை, உப்பு என்று எனக்கு அடுத்தடுத்து ஞாபகம் வந்தது. பச்சமுத்து மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கேள்விய வுடு. அந்த சார் என்னக் காட்டி, இவர் உன் அப்பாதானான்னு கேட்டாரே. அதுக்கு ஏம்மா நீ ஒண்ணும் சொல்லல?"

வினோதினி அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உன்ன அப்பான்னு சொன்னா, அம்மாவுக்கு நீ இன்னா வேணும்னு அவரு உடனே கேப்பாரு. அப்புறம் அம்மா செத்துடும்."

மலர்கொடி அப்படியே ரோட்டோர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "சாவ மாட்டேன்டி, சாவ மாட்டேன்டி" என்று வாய்விட்டு அழுதாள். மரக்காணம் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். எங்களில் யாரும் ஏறவில்லை.